பால் பத்தலை என்ற இரண்டு சொற்கள்

என் மகள் பிறந்த ஐந்தாம் நாள், காரைக்குடி மருத்துவமனையிலிருந்து பள்ளத்தூரில் இருக்கும் என் ஆத்தா (எங்கள் பக்கத்தில் அம்மாவை அப்படித்தான் அழைப்போம்) வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அன்று மாலை ஆறு மணிக்கு அவள் மார்பில் வாய் வைத்தாள். பத்து நிமிடம் குடித்தாள், கண் மூடினாள், தொட்டிலில் போட்டதும் வீறிட்டாள், மறுபடி குடித்தாள், மறுபடி வீறிட்டாள். இரவு பதினொரு மணி வரை இதுவே நடந்தது. சித்திரைக் கடைசியின் வெக்கை வீட்டின் நடு முற்றமான வளவில் தேங்கி நின்றது. தையல் போட்ட வயிறு எழுந்து உட்காரும்போதெல்லாம் சுண்டி இழுத்தது. பிள்ளை பார்க்க வந்திருந்தவர்களில் ஒருவர் பட்டாலைக் கூடத்திலிருந்து மெல்லச் சொன்னார்: “பால் பத்தலை போலிருக்கு.” சற்று நேரம் கழித்து இன்னொருவரும் அதையே சொன்னார். எல்லோரும் போன பிறகு என் ஆத்தாவும் தயங்கித் தயங்கி அதையே கேட்டார்கள். மூன்றாவது முறை அந்தச் சொற்களைக் கேட்டபோது நான் நம்பிவிட்டேன். என் உடம்பு என் குழந்தையைப் பட்டினி போடுகிறது என்று நினைத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதேன்.

இன்று அவளுக்கு ஏழு மாதம். அன்று அதைச் சொன்னவர்கள் மீது எனக்குச் சிறு வருத்தமும் இல்லை, அன்பினால்தான் சொன்னார்கள். ஆனால் பிள்ளை பெற்றவளின் காதில் விழும் சொற்களில் இவ்வளவு எளிதாகச் சொல்லப்படுவதும், இவ்வளவு அடிக்கடி தவறாகப் போவதும் வேறொன்று இல்லை என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். பிறந்த குழந்தையின் இயல்பு இன்னதென்று தெரியாதபோது அதன் ஒவ்வொரு செயலையும் பசி என்றே வாசிக்கிறோம். தாய் சோர்ந்துபோகிறாள், புட்டிப்பால் வருகிறது, குழந்தை மார்பில் சப்புவது குறைகிறது. பிறகு பால் உண்மையாகவே குறைந்துவிடுகிறது.

அன்று மாலை நடந்தது பல குழந்தைகள் செய்வதுதான். பச்சிளம் குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது, தாய்ப்பாலும் விரைவில் செரித்துவிடும். அதனால் ஒரு நாளில் 8 முதல் 12 முறை குடிப்பது இயல்பு. அந்தப் பன்னிரண்டு முறையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கடிகாரம் பார்த்து வருவதில்லை. பகலில் நீண்ட நேரம் தூங்கிவிட்டு, மாலையிலும் முன்னிரவிலும் விட்டு விட்டு, ஒன்றன் மேல் ஒன்றாகக் குடிக்கும் குழந்தைகள் ஏராளம். குழந்தை சப்பச் சப்பத்தான் தாயின் உடலில் பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டினும், சுரந்த பாலை வெளியே தள்ளும் ஆக்ஸிடோசினும் ஊறுகின்றன. காலியான மார்புதான் விரைந்து சுரக்கும். அன்று அவள் ஓயாமல் சப்பியது நாளைய பாலுக்கு இன்றே சொல்லிவைத்தது போன்றது. நான் அதை என்மேல் சொல்லப்பட்ட குற்றமாக எடுத்துக்கொண்டேன்.

அந்த நம்பிக்கைக் குறைவு அன்று மாலை தொடங்கியதில்லை. மருத்துவமனையின் முதல் நாளிலேயே அதன் வேர் இருந்தது. எனக்கு அறுவைசிகிச்சைப் பிரசவம். குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்க வேண்டும், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், அதன் பின் இணை உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை நான் பிரசவத்துக்கு முன்பே படித்து வைத்திருந்தேன். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் அறுவைசிகிச்சையில் தாய் விழித்தேதான் இருக்கிறாள். அவளிடமும் குழந்தையை அந்த முதல் மணிக்குள் கொடுக்க முடியும். ஆனால் என் மகளை ஐந்து மணி நேரம் கழித்தே என்னிடம் கொண்டுவந்தார்கள். அதற்குள் புட்டியில் பவுடர் பால் கொடுத்திருந்தார்கள். என்னையும் கேட்கவில்லை, என் கணவரையும் கேட்கவில்லை. ஏனென்று கேட்டபோது, “அம்மாவுக்கு இன்னும் பால் வரலையே” என்று பதில் வந்தது. குழந்தைப் பால் பவுடரை விளம்பரம் செய்வதையும் தாய்மார்களிடம் பரப்புவதையும் தடுக்க 1992-லேயே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கும் நாட்டில், ஒரு தாயின் முதல் நாள் இப்படித் தொடங்குவது எனக்கு இப்போதும் ஆறாத மனக்குறைதான்.

வயிறு நிறைந்த குழந்தை அன்று முழுவதும் தூங்கியது, மார்பில் வாய் வைத்தாலும் சப்பவில்லை. இரவுப் பணிக்கு வந்த மூத்த செவிலியர் ஒருவர், பெரும்பாலும் பேசாமலேயே, என் கையை எடுத்து என் மார்பின் மீது வைத்துக் காட்டினார். கறுப்பு வட்டத்துக்குச் சற்று வெளியே கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் எதிரெதிரே வைத்து, முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கி அமுக்கி, பிறகு விரல்களைச் சேர்த்து அழுத்தி விட வேண்டும். காம்பை இழுக்கக் கூடாது. இருபது முறை செய்தும் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு துளி வந்தது. மஞ்சள் கரைத்த நெய்யைப் போல் கெட்டியாக, விழ மனமில்லாமல் காம்பின் நுனியிலேயே நின்றது. “இதுதாம்மா சீம்பால். இன்னைக்கு இவளுக்கு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி இருந்தாலே போதும்” என்றார். பால் வரவில்லை என்று சொன்னார்களே, வந்திருந்தது. நாம் எதிர்பார்த்த நிறத்திலும் அளவிலும் வரவில்லை, அவ்வளவுதான். வெள்ளையாகப் பெருகும் பால் பொதுவாக இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் இறங்கும். அறுவைசிகிச்சை செய்தவர்களுக்கு இன்னும் சற்றுத் தாமதமாகலாம்.

அந்தத் துளிகளைப் பிடிக்கக் கிண்ணம் தேடியபோது, ஆத்தாவைப் பெற்ற என் ஆயா தன் பையிலிருந்து ஒரு வெள்ளிப் பாலாடையை எடுத்துத் தந்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஒரு பக்கம் அகல் விளக்கைப் போல் குழிந்து, மறுபக்கம் பறவையின் அலகாக நீண்டிருக்கும். எங்கள் பக்கத்தில் பாத்திரங்களில் பெயர் வெட்டிவைப்பது வழக்கம். இதன் அடியிலும் ஆயாவின் ஆத்தாவுடைய பெயரின் முதலெழுத்துகள் புள்ளி புள்ளியாகக் கொத்தப்பட்டு, பாதி தேய்ந்து, விரலால் தடவினால் மட்டும் தெரிகின்றன. அலகின் ஓரம் எத்தனையோ வாய்கள் பட்டு மழுங்கியிருந்தது. அதைக் கொதிநீரில் போட்டெடுத்து, செவிலியர் மூன்று மில்லி அளவுக்குச் சேர்ந்த சீம்பாலை என் மகளின் கீழுதட்டில் அலகைத் தொட்டுச் சிறுகச் சிறுகக் கொடுத்தார். குறைமாதக் குழந்தைகளுக்கும் மருத்துவமனைகளில் இப்படித்தான் கொடுக்கிறார்களாம். முதல் சொட்டு நாக்கில் பட்டதும் அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நாக்கை நீட்டினாள்.

ஆயா அருகிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பாலாடையில்தான் என் அம்மானுக்கும், என் ஆத்தாவுக்கும், எனக்கும் முதல் உணவாகச் சேனை வைத்தார்கள்; சீனித் தண்ணீரும் கழுதைப் பாலும் இதே அலகின் வழியாகத்தான் எங்கள் வாய்க்குள் இறங்கின. ஆயா சொன்னார்கள்: “எங்க காலத்துல இந்த மஞ்சப் பால பீச்சிக் கீழ ஊத்திருவோம் ஆத்தா. கெட்ட பாலுன்னு சொல்லிருந்தாக. நாலு பிள்ளைக்கும் ஊத்திட்டேன்.” நோயெதிர்ப்புப் பொருள்கள் நிறைந்த பால் அது என்று செவிலியர் விளக்கியதை அவர்கள் மறுக்கவில்லை. பாலாடையை வாங்கி, முந்தானையால் துடைத்து, வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டில் யாராவது சேனையைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வேண்டாம் என்பது ஆயாதான்.

வீட்டுக்கு வந்த பத்தாம் நாளிலிருந்து எங்கள் பட்டாலையில் ஒரு சிறு கூட்டம் தானாகச் சேர்ந்தது. தேவகோட்டையிலிருந்து என் பெரியாத்தா மகள், நான் ஆச்சி என்று அழைப்பவர், மூன்று மாதக் குழந்தையோடு வந்திருந்தார். எங்கள் வீட்டில் சமையலுக்கு உதவும் அக்காவின் மருமகள் என்னைவிட இருபது நாள் முன்பு அரசு மருத்துவமனையில் பெற்றிருந்தாள். எதிர்வீட்டில் குடியிருக்கும் மதுரைக்கார ஆசிரியைக்கு அது இரண்டாவது பிள்ளை. ஆண்கள் முகப்போடு நின்றுவிடும் பிற்பகல் மூன்று மணிக்கு, ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சியில் பாய் விரித்துக் குழந்தைகளைக் கிடத்திவிட்டுப் பேசுவோம். நால்வரும் தத்தம் குழந்தை மட்டுமே இப்படி விசித்திரமாக நடந்துகொள்வதாக எண்ணி, வெளியே சொல்லாமல் பயந்துகொண்டிருந்தோம் என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது.

என் மகள் தூக்கத்தில் திடீரென்று இரண்டு கைகளையும் விரித்துத் தூக்கி, விழப்போகிறவளைப் போல் பதறுவாள். உரம் விழுந்துவிட்டது (சுளுக்கிக்கொண்டது), எடுக்க வேண்டும் என்றார்கள் சிலர். மற்ற மூன்று குழந்தைகளும் அப்படியே செய்வதைப் பார்த்த பிறகுதான், கதவு சத்தத்துக்கும் கீழே வைக்கும் அசைவுக்கும் எல்லாப் பச்சிளம் குழந்தைகளும் காட்டும் இயல்பான அனிச்சைச் செயல் அது, சில மாதங்களில் தானாக மறையும் என்று ஆசிரியை சொன்னது மனத்தில் இறங்கியது. சமையல் அக்காவின் மருமகள் வேறொன்றைச் சொன்னாள்: அவள் மகன் தூங்கும்போது வேகவேகமாக மூச்சு விடுவான், பிறகு ஐந்தாறு நொடிகள் மூச்சே இருக்காது, மீண்டும் விடுவான். இரவெல்லாம் அவள் அவன் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடல் நீலம் பாயாமல், குழந்தை தளர்ந்துபோகாமல் இருந்தால், பத்து நொடிக்கு உட்பட்ட இந்த இடைவெளி முதல் மாதங்களில் இயல்பு. அதை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. தும்மல், விக்கல், குடித்ததும் வாயோரம் கொஞ்சம் கக்குவது, தூக்கத்தில் முகம் கோணி உடனே சிரிப்பது, எல்லாமே நான்கு பாய்களிலும் நடந்தன. தூக்கச் சிரிப்பைப் பார்த்தால் மட்டும் ஆயா, “நரி விரட்டுது” என்று சொல்லிக் குழந்தையின் நெஞ்சில் மெல்லத் தட்டுவார்கள். அதை எங்களில் யாரும் திருத்தவில்லை. முகம் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு ஆறாவது வாரத்தை ஒட்டித்தான் வந்தது. அந்தச் சிரிப்பை இதனோடு யாரும் குழப்பிக்கொள்ள முடியாது.

ஆச்சி தயக்கத்தோடு கேட்டது இன்னும் முக்கியமானது. அவர் மகளுக்குப் பிறந்த சில நாட்களில் மார்பு வீங்கி, அதில் பால் போன்ற நீர் கசிந்தது. பெண் குழந்தைக்குத் துணியில் ஒரு பொட்டு இரத்தமும் பட்டிருந்தது. இரண்டுமே தாயின் ஹார்மோன்கள் குழந்தையின் உடம்பிலிருந்து வடிவதால் நேர்பவை, தாமாக அடங்கிவிடும். ஆனால் குளிப்பாட்ட வந்த பெண், அந்தப் பாலைப் பீச்சி எடுக்காவிட்டால் கட்டிவிடும் என்று சொல்லி அழுத்தியிருக்கிறார். அழுத்துவதால்தான் கிருமி புகுந்து சீழ் கட்டுகிறது. ஆச்சியின் மகளுக்கு ஒரு பக்கம் சிவந்து, மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. காலை நீட்டி அதில் குழந்தையைக் கிடத்தி வெதுவெதுப்பான நீர் ஊற்றும் அந்தக் குளியல் எனக்கு மிகவும் பிடித்தது. குளித்த பின் என் மகள் மூன்று மணி நேரம் தூங்குவாள். அதே குளியலில் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும், ஊதிச் சளி எடுப்பதையும் மட்டும் நாங்கள் மறுத்துவிட்டோம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அது நிமோனியாவில் முடியலாம்.

தாய்ப்பால் கொடுக்கும்போது வலிக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றே நான் கேள்விப்பட்டிருந்தேன். ஏழாம் நாளுக்குள் என் இடது காம்பு வெடித்து, அவள் வாயில் இரத்தத்தைப் பார்த்தேன். அதைச் சரிசெய்தது களிம்பில்லை, ஆசிரியை ஒரு பிற்பகல் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பத்து நிமிடம்தான். “நீங்க மார்பைப் பிள்ளைகிட்டக் கொண்டுபோறீங்க. பிள்ளையை மார்புகிட்டக் கொண்டுவாங்க” என்றார். குழந்தையின் காதும் தோளும் இடுப்பும் ஒரே நேர்கோட்டில் இருக்க, வயிறு என் வயிற்றோடு ஒட்டியிருக்க, மேலுதட்டைக் காம்பால் வருடி, அவள் கொட்டாவி விடுவதுபோல் வாயை அகலத் திறக்கும் அந்த நொடியில் சட்டென்று அணைத்துக்கொள்ள வேண்டும். தாடை மார்பில் புதைந்து, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து, காம்பு மட்டுமின்றிக் கறுப்பு வட்டத்தின் கீழ்ப்பகுதியும் வாய்க்குள் போயிருந்தால் வலி இல்லை. வயிற்றில் தையல் இருந்ததால், கைக்குடத்தை இடுக்குவதுபோல் அவளைக் கக்கத்துக்கடியில் பிடித்துக் கொடுக்கவும் அவரே பழக்கினார். அன்று முதன்முறையாக அவள் விழுங்கும் சத்தம், மெல்லிய “க்க” என்ற ஒலி, எனக்குக் கேட்டது.

பத்தியச் சாப்பாட்டைப் பற்றி எங்கள் ஊரில் பேசாமல் இருக்க முடியாது. தொண்டிப் பக்கத்திலிருந்து வரும் பால்சுறாவில் புட்டு, பூண்டை முழுதாகப் போட்டு வதக்கிய குழம்பு, முருங்கைக் கீரை, காலையில் நெல்லிக்காய் அளவு லேகியம். ஆத்தா ஒருநாளும் தவறவிடவில்லை, நானும் விரும்பிச் சாப்பிட்டேன். இவை தாயின் உடம்பைத் தேற்றுகின்றன; மனத்தையும் தேற்றுகின்றன, அதுவும் சிறிய காரியமில்லை. ஆயினும் பாலின் அளவைத் தீர்மானிப்பது தட்டில் இருப்பதைவிட, குழந்தை எத்தனை முறை எவ்வளவு நன்றாகச் சப்பிக் காலி செய்கிறது என்பதே. பச்சை உடம்புக்காரி தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு போட்டுவிடும் என்று சொல்லி என் தண்ணீரை மட்டும் அளந்து கொடுத்ததை நான் ஏற்கவில்லை. அக்கினி நட்சத்திரத்தில், தையலோடு, பால் கொடுக்கும் ஒருத்திக்குத் தாகம் எடுத்தால் குடிக்கத்தான் வேண்டும். குழந்தைக்குத்தான் அந்த வெயிலிலும் தண்ணீர் தேவையில்லை, தாய்ப்பாலில் பெரும்பங்கு நீர்தான். தேனும் ஒரு வயது வரை கூடாது. கல்லில் உரைத்துப் புகட்டும் உரைமருந்தை ஆயா விட்டுக்கொடுக்க மனமில்லாமல், வசம்பை மட்டும் வளையலாக்கிக் கையில் கட்டிவிட்டார்கள். அதையும் அவள் வாயில் வைக்கத் தொடங்கியதும் கழற்றிவிட்டோம்.

பால் போதுமா என்பதை எதைக் கொண்டு அறிவது என்பதைத்தான் யாராவது முதலில் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். அழுகையைக் கொண்டு அறிய முடியாது. பசியின் முதல் குறிகள் வாயைத் திறந்து தலையைத் திருப்புவதும், கையைச் சூப்புவதுமே; அழுகை கடைசியில் வருவது, அதற்குப் பசி தவிர வேறு பல காரணங்களும் உண்டு. மார்பு தளர்ந்து மெத்தென்று ஆவதைக் கொண்டும் அறிய முடியாது. சில வாரங்களில் சுரப்பு குழந்தையின் தேவைக்கு இசைந்துவிட்டது என்பதே அதன் பொருள். எங்கள் வீட்டின் இரண்டாம் முற்றமான இரண்டாங்கட்டின் கொடியில்தான் விடை தொங்கிக்கொண்டிருந்தது. ஐயாவின் பழைய வேட்டிகளைக் கிழித்துச் செய்த துணிகளை ஆத்தா அங்கேதான் அலசிக் காயப்போடுவார்கள். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு துணிக்குக் குறையாமல், வெளிறிய சிறுநீரில் நன்றாக நனைந்தால், உள்ளே போவது போதுமானது. கறுப்பாக ஒட்டும் முதல் மலம் மாறிக் கடுகு போல் மஞ்சளாக வந்தால் அதுவும் சாட்சி. பிறந்த எடையில் முதல் நாட்களில் பத்து விழுக்காட்டுக்குள் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிட வேண்டும். என் மகள் பிறந்தபோது 2.9 கிலோ, ஐந்தாம் நாள் 2.68, பதிமூன்றாம் நாள் 2.92. நான் சுவரைப் பார்த்து அழுத அந்த இரவில் கொடியில் ஏழு துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

உண்மையிலேயே பால் போதாத தாய்மார்களும் இருக்கிறார்கள், அவர்களை இந்தக் கட்டுரை புண்படுத்திவிடக் கூடாது என்று அஞ்சுகிறேன். ஆச்சிக்குப் பிரசவத்தில் மிகுந்த இரத்தப்போக்கு, குழந்தை 34 வாரத்தில் பிறந்தது. அவருக்குப் பால் தாமதமாக வந்தது, குறைவாகவே வந்தது. குழந்தை மருத்துவரின் சொல்படி தாய்ப்பாலோடு பவுடர் பாலையும் சேர்த்தே கொடுத்தார். தைராய்டுக் கோளாறு, கருப்பையில் நஞ்சுக்கொடியின் துண்டு தங்கிவிடுவது, முன்பு மார்பில் செய்த அறுவைசிகிச்சை ஆகியவற்றாலும் இப்படி நேரலாம். ஆச்சி பட்டாலையில் புட்டியை முந்தானையால் மறைத்துக்கொண்டு கொடுத்த முதல் நாள் எனக்கு மறக்கவில்லை. இரண்டாம் நாளிலிருந்து மறைக்கவில்லை. துணி நனைவது குறைந்தாலும், எழுப்பினாலும் எழாமல் குழந்தை சோர்ந்து கிடந்தாலும், மஞ்சள் நிறம் முதல் நாளிலேயே தெரிந்தாலும் கால் வரை இறங்கினாலும், காய்ச்சல் அடித்தாலும், மூச்சை இழுக்கும்போது விலாக் குழி விழுந்தாலும், வெயிலில் காட்டுவதும் கைவைத்தியமும் உதவாது. அந்த மணியிலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாயின் கண்ணீர் இரண்டு வாரத்துக்கு மேலும் ஓயாவிட்டால் அதற்கும் மருத்துவரிடம் போக வேண்டும். எனக்கு அது பன்னிரண்டாம் நாள் ஓய்ந்தது.

சமையல் அக்காவின் மருமகளுடைய தங்கைக்குப் போன மாதம் திருமயத்தில் குழந்தை பிறந்தது. ஆறாம் நாள் இரவு பத்தரை மணிக்கு என் எண்ணைக் கேட்டு வாங்கி அழைத்தாள். குழந்தை மாலையிலிருந்து விடவே மாட்டேன் என்கிறது, மாமியார் பால் பத்தலை என்கிறார்கள், கடையில் டப்பா வாங்கி வரச் சொல்லியாகிவிட்டது என்று விம்மலுக்கிடையே சொன்னாள். கொடியில் காலையிலிருந்து எத்தனை துணி என்று கேட்டேன். ஃபோனைப் பிடித்தபடியே எழுந்து போகும் சத்தமும், கதவு திறக்கும் சத்தமும் கேட்டன. சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, “எட்டு இருக்குக்கா” என்றாள்.